உப்புக் குளத்துக்கு டெய்லர் கே-2006 சோதனைப் பெட்டி: சொட்டு எண்ணினால் தெரிந்துவிடும்

உப்பு குளோரினேட்டர், அதாவது தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி, போட்ட நீச்சல் குளத்தில் பலரும் செய்யும் தவறு, அதன் திரையில் தெரியும் எண்களை நம்பி உட்கார்ந்துவிடுவது. வீட்டுக் குளங்களுக்கு வரும் பெரும்பாலான கருவிகள் உப்பின் அளவைத்தான் காட்டும். 60 சதவீதம் என்று வைத்தால், பம்ப் ஓடும் நேரத்தில் 60 சதவீதம் செல் (குளோரினைத் தயாரிக்கும் தகடுகள் உள்ள பகுதி) வேலை செய்யும், அவ்வளவுதான். தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதை அளக்கத்தான் இந்தப் பெட்டி.

வாங்கும்போது மாதிரி எண்ணைக் கவனியுங்கள். கே-2005 பார்க்க இதேபோல இருக்கும். ஆனால் அதில் குளோரினை இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போய், தண்ணீரில் குளோரினே இல்லாததுபோலத் தோன்றும். கே-2006-இல் குளோரினுக்கு நிறத்தை ஒப்பிடும் வேலை இல்லை. முழங்கை ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீர் 10 மில்லி, ஆர்-0870 பொடி இரண்டு கரண்டி. இளஞ்சிவப்பாகும். ஆர்-0871-ஐச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு சொட்டில் நிறம் சட்டென்று மறையும். சொட்டுக்கு 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு); பத்துச் சொட்டென்றால் 5. பொடி போட்டதும் சிவப்பு மின்னி மறைந்தால் குளோரின் மிக அதிகம். இன்னும் பொடி போடுங்கள். நிறம் போன பிறகு ஆர்-0003 ஐந்து சொட்டு விடுங்கள். சிவப்பு திரும்பினால் அது அழுக்கோடு பிணைந்த குளோரின்; மறுபடி ஆர்-0871 விட்டுச் சொட்டுகளை எண்ணுங்கள். அது 0.5-ஐத் தாண்டினால் குளத்துக்கு ஷாக், அதாவது ஒரேயடியாக நிறைய குளோரின், தேவை.

உப்புக் குளத்துக்கு இந்தப் பெட்டியில் மிக முக்கியமானது ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலச் சோதனை. செல் நாள் முழுக்க மெதுவாகத்தான் குளோரின் தயாரிக்கும். ஸ்டெபிலைசர் குறைந்தால் வெயில் அதை உடனுக்குடன் தின்றுவிடும். திறந்தவெளிக் குளத்தில் 70 பி.பி.எம். வைத்து, குளோரினை 5 அளவில் நிறுத்துவது நல்லது. 50,000 லிட்டர் குளத்தில் ஸ்டெபிலைசரை 30-லிருந்து 70-க்கு ஏற்ற 2 கிலோ போதும். பழைய சாக்ஸில் கட்டித் தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அளங்கள். சோதனைக் குழாயின் அடியிலுள்ள கருப்புப் புள்ளி கலங்கிய தண்ணீரில் மறையும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்க்க வேண்டும்.

காரத்தன்மைச் சோதனையில் ஒரு நுணுக்கம். 25 மில்லி தண்ணீரில் ஆர்-0007 இரண்டு சொட்டு, ஆர்-0008 ஐந்து சொட்டு, பிறகு பச்சை சிவப்பாகும்வரை ஆர்-0009. சொட்டுக்கு 10 பி.பி.எம். குப்பி முனையில் நிலைமின்சாரம் ஏறினால் சொட்டு சிறுத்து விழும், எண்ணிக்கை கூடிவிடும். முனையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு விடுங்கள். உப்புக் குளத்துக்கு 60 முதல் 80 போதும். செல்லில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும், காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக ஏறி, செல் தகடுகளில் சுண்ணாம்பு படியும்.

குறைகளும் உண்டு. உப்பை அளக்க இதில் வழியில்லை. கே-1766-ஐத் தனியாக வாங்க வேண்டும். உப்புக் குளம் வைத்திருப்பவருக்கு அது கட்டாயம், ஏனென்றால் செல் பழசானால் திரையில் தெரியும் உப்பு அளவும் பொய் சொல்லும். திரையை நம்பி உப்பைக் கொட்டினால், தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் குறைக்க முடியும். சயனூரிக் சோதனைக்கான ஆர்-0013 ஒரு முறைக்கு 7 மில்லி தேவை. சிறு குப்பியில் சுமார் 22 மில்லிதான், மூன்று முறையில் தீரும். பெரிய குப்பிகள் கொண்ட கே-2006சி வாங்குவதே சிக்கனம். பி.எச். மட்டும் இதிலும் நிறம் பார்த்துத்தான், 7.0 முதல் 8.0 வரைதான் காட்டும். குளோரின் 10-ஐத் தாண்டியிருக்கும்போது அந்த நிறம் ஊதாவாகிவிடும். அதைப் பார்த்து பி.எச். அதிகம் என்று நினைத்து ஆசிட் ஊற்றாதீர்கள், குளோரின் இறங்கிய பிறகு அளங்கள்.