வேட்டைக்கும் சுடுதளத்துக்கும் எந்தக் காதுக் காப்பு? எலக்ட்ரானிக் காதுமூடிகளும் காதுக்குள் செருகுபவையும்

மினசோட்டாவில் அக்டோபர் முடிவதற்குள் சில்வண்டுகள் அடங்கிவிடும். என் இடது காதில் மட்டும் ஒன்று வருஷம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறது. மான் வேட்டைக்குப் போகத் தொடங்கிய முதல் இரண்டு சீசன்களில், காதில் எதையும் போடாமல் .30-06 ரைஃபிளால் சுட்டேன். அதற்குப் பிறகு வந்தது இந்த ரீங்காரம். மொத்தமாக எண்ணினால் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்கள்கூட இருக்காது.

வலது கைக்காரர் ரைஃபிளைத் தோளில் வைக்கும்போது இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும். வலது காது தலையின் மறைவில் ஓரளவு ஒதுங்கிவிடும். அதனால்தான் நீளத் துப்பாக்கி சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடது காது முதலில் கெடுகிறது. எனக்கும் கேட்புப் பரிசோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இடது காதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை இருப்பது அந்த உயரத்துக்குப் பக்கத்தில்தான். ஊரிலிருந்து அம்மா போனில் பேசினால் வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. இதை அனுபவத்தில் கற்றுக்கொண்ட பிறகுதான் காதுக் காப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் சத்தத்தின் அளவு. சாதாரண .22 ரைஃபிளின் உச்ச ஒலி சுமார் 140 டெசிபெல். மான் வேட்டை ரைஃபிள்கள் 160ஐத் தாண்டும். குழல்வாயில் மசில் பிரேக் மாட்டினால் உதைப்பு குறையும், ஆனால் வெடிப்பின் பெரும்பங்கு சுடுகிறவர் பக்கமே திரும்பி வரும். திடீர் ஒலிக்கு அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு அமைப்புகள் வைத்திருக்கும் எல்லை 140. ஆக, ஒரே ஒரு மான் ரைஃபிள் வெடி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. "சீசனுக்கு ஒன்றிரண்டு தடவைதானே சுடுகிறேன்" என்ற கணக்கு இங்கே உதவாது.

அப்படியானால் வேட்டைக்காரர்கள் ஏன் காப்பு போடுவதில்லை? விஸ்கான்சினில் பீவர் டேம் என்ற ஊரில் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சுடுதளத்தில் சுடுகிறவர்களில் 38 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் காப்பு எதுவும் போடவே இல்லை. வேட்டைக்காரர்களில் 95 சதவீதம்! இது அலட்சியம் மட்டும் இல்லை. பரணில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மான் வருவதை முதலில் சொல்வது காதுதான். சருகில் குளம்பு பதியும் அந்த மெல்லிய சத்தத்தைப் பஞ்சு வைத்து அடைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

எலக்ட்ரானிக் காப்பு விடை சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு ஸ்பீக்கர். மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் காதுக்குள் தரும். பெரிய சத்தம் வந்தால் அதை உள்ளே கடத்துவதை நிறுத்தும், அல்லது அமுக்கிச் சின்னதாக்கித் தரும். வெடிச்சத்தத்தைத் தடுப்பது உள்ளே இருக்கும் மின்சுற்றுதான் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்த மின்சுற்றும் அதைத் தடுப்பதில்லை. தடுப்பது பிளாஸ்டிக் கிண்ணமும், அதைச் சுற்றியிருக்கும் மெத்தையும், காதைச் சுற்றி அது போடும் இறுக்கமும்தான். பேட்டரி தீர்ந்தாலும் அந்தத் தடுப்பு அப்படியே இருக்கும்.

இதனால்தான் பெட்டியில் "0.02 விநாடியில் செயல்படும்" என்று போட்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துப்பாக்கி வெடியின் உச்சம் சில மில்லிவிநாடிகளுக்குள் முடிந்துவிடும். 0.02 விநாடி என்றால் 20 மில்லிவிநாடி, அதற்குள் வெடி போய்விட்டது. காதைக் காப்பது ஸ்பீக்கர் அதிகபட்சம் எவ்வளவு உரக்க ஒலிக்க முடியும் என்ற வரம்பு. நல்ல மாடல்களில் அது 82 டெசிபெல் பக்கம் நின்றுவிடும்.

அப்புறம் என்.ஆர்.ஆர். எண். இரைச்சலை எவ்வளவு குறைக்கிறது என்று அமெரிக்காவில் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட வேண்டிய மதிப்பு இது. ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர். என்று வேறொரு எண் உண்டு. அதே பொருளுக்கு அது பொதுவாகச் சற்றுப் பெரிதாகவே இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. என்.ஆர்.ஆர். ஆய்வகத்தில் கவனமாகப் பொருத்தி அளந்த எண். நிஜத்தில் அது கிடைப்பதில்லை என்று அறிந்து, நியாஷ் எனும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் ஒரு கழிவு விகிதம் சொல்லியிருக்கிறது: காதுமூடிக்கு 25 சதவீதம், உருட்டிச் செருகும் ஃபோமுக்கு 50, மற்ற செருகுபவைக்கு 70 சதவீதம் கழித்துக்கொள். தொழிற்சாலை இரைச்சலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. துப்பாக்கி வெடிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிட எனக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்கவில்லை. 33 என்று அச்சிட்ட ஃபோமும் 22 என்று அச்சிட்ட காதுமூடியும் கழிவு போக ஒரே 16.5இல் வந்து நிற்கின்றன பாருங்கள்.

சரி, பொருள்களுக்கு வருவோம்.

சுடுதளங்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். என்.ஆர்.ஆர். 22, கழிவு போக 16.5. இரண்டு ஏஏஏ பேட்டரி, நான்கு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும், 82 டெசிபெலுக்கு மேல் பெருக்காது. சுமார் ஐம்பது, அறுபது டாலருக்கு இது தருவது அதிகம். மெலிந்த கிண்ணம் என்பதால் கன்னத்தை ரைஃபிள் கட்டையில் சாய்க்கும்போது இடிப்பது குறைவு. இதே விலையில் இருக்கும் வாக்கர்ஸ் ரேசர் ஸ்லிமுக்கு என்.ஆர்.ஆர். 23. ஒரு எண் வித்தியாசத்தைக் காது அறியாது. இரண்டையும் தலையில் மாட்டிப் பார்த்து எது அழுத்தாமல் உட்காருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் யோசிக்க இதில் ஒன்றும் இல்லை.

அடுத்த படியில் வருபவை இரண்டு: பெல்டார் ஸ்போர்ட் டாக்டிகல் 500, சோர்டின் சுப்ரீம் புரோ-எக்ஸ். இரண்டு பெயர்களுமே ஸ்வீடனில் வார்னமோ என்ற சின்ன ஊரில் வேர்விட்டவை. பெல்டார் இப்போது 3எம் கையில் இருக்கிறது. குணத்தில் இரண்டும் எதிரெதிர். பெல்டாருக்கு என்.ஆர்.ஆர். 26, கழிவு போக 19.5. இங்கே சொல்லும் மாடல்களில் தடுப்பு இதில்தான் அதிகம். அதற்கு விலை தடித்த கிண்ணம். பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போது தொந்தரவு இல்லை, ஷாட்கனைச் சட்டென்று தூக்கிக் கன்னத்தில் பதிக்கும்போது கட்டை கிண்ணத்தில் இடித்து மூடி அரை அங்குலம் தூக்கிக்கொள்கிறது. தூக்கிக்கொண்ட மூடிக்கு 26 என்ன, 10கூடக் கிடைக்காது. ப்ளூடூத்தும் இருக்கிறது, வேட்டையில் எனக்கு அதனால் பயன் இல்லை.

சோர்டினின் என்.ஆர்.ஆர். வெறும் 18. கழிவு போக 13.5. பெல்டாரைவிட விலையும் அதிகம். காகிதத்தில் பார்த்தால் இதை வாங்கவே தோன்றாது. ஆனால் பரணில் நான் போட்டுக்கொள்வது இதைத்தான். இரண்டு பக்க மைக்கும் இயல்பாக ஒலிக்கின்றன. பின்னால் இடது பக்கம் ஒரு அணில் சருகைக் கிளறினால் பின்னால் இடது பக்கம் என்றே தெரிகிறது. காது மடலை மூடிவிட்டால் திசை அறியும் திறன் எந்தக் காதுமூடியிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும், குறிப்பாக முன்னா பின்னா, மேலா கீழா என்பதில் குழப்பம் வரும். அந்த இழப்பு எனக்கு இதில் குறைவாகத் தெரிகிறது. ஒற்றை மைக் வைத்த மலிவு மாடல் ஒன்றை முன்பு வைத்திருந்தேன். அதில் எல்லாச் சத்தமும் தலைக்கு நடுவிலிருந்தே வந்தது. மான் மேற்கே நின்றது, நான் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணம் ஜெல் மெத்தை. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு அடியில் ஒரு இடுக்கை உண்டாக்கும், அந்த இடுக்கு வழியாகச் சில டெசிபெல்கள் உள்ளே நுழைந்துவிடும். சாதாரண மெத்தை குளிரில் விறைத்துப்போய் இந்த இடுக்கை இன்னும் பெரிதாக்கும். ஜெல் காம்பைச் சுற்றி வழிந்து அடைத்துக்கொள்கிறது. பெட்டியில் இருக்கும் 18, 26 எல்லாம் கண்ணாடி இல்லாத தலையின் கணக்கு என்பதைக் கண்ணாடிக்காரர்கள் மறக்கக் கூடாது. எதை வாங்கினாலும் மெல்லிய, தட்டையான காம்பு உள்ள கண்ணாடியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியும் அறுநூறு மணி நேரம் வரை வரும் என்கிறார்கள். குளிரில் சாதாரண அல்கலைன் சோர்ந்துவிடும் என்பதால் நவம்பரில் நான் லித்தியம் ஏஏஏ போட்டுக்கொள்கிறேன்.

காதுக்குள் செருகும் எலக்ட்ரானிக் வகை வேறொரு உலகம். தொப்பிக்கு இடைஞ்சல் இல்லை, கன்னத்தில் இடிக்காது, வேர்க்காது. நடந்துகொண்டே பறவை வேட்டையாடுகிறவர்களுக்கு, ஷாட்கனை ஒரு நொடியில் தூக்க வேண்டியவர்களுக்கு, இதன் அருமை தெரியும். பெட்டியில் 25 முதல் 30 வரை என்.ஆர்.ஆர். போட்டிருக்கும். எச்சரிக்கை வேண்டியது இங்கேதான். ரப்பர் முனை போட்டால் நியாஷ் கழிவு 70 சதவீதம், 25 என்பது 7.5 ஆகிவிடும். ஃபோம் முனை போட்டால் பாதி நிற்கும். ஆக வாங்கியவுடன் ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு ஃபோம் முனை மாட்டுங்கள், அளவு சின்னதா பெரியதா என்று ஒவ்வொரு காதுக்கும் தனியாகப் பாருங்கள்.

காதுக்குள் போகும் பொருள் தளர்ந்தால் வெளியே தெரியாது, ஆபத்து அதில்தான். அமெரிக்க ராணுவத்தினர் போட்ட காம்பேட் ஆர்ம்ஸ் செருகிகள் மீது நடந்த வழக்குகளின் மையமும் இதுவே: காதில் சரியாக நிற்காமல், போட்டவர் அறியாமலே தளர்ந்துவிடுகின்றன என்பது புகார். அவை எலக்ட்ரானிக் இல்லாதவை. அவற்றை விற்ற 3எம் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் 2018இல் அமெரிக்க அரசுக்கு 91 லட்சம் டாலரும், 2023இல் முன்னாள், இந்நாள் வீரர்களின் வழக்குகளை முடிக்கச் சுமார் 600 கோடி டாலரும் தர ஒத்துக்கொண்டது. ஒரு சின்ன ரப்பர் முனை காதில் எப்படி உட்காருகிறது என்பதன் மேல் எவ்வளவு பேரின் கேட்கும் திறன் தொங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

செருகும் வகையில் எனக்கு இன்னொரு கஷ்டமும் வந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றியபோது ஒன்று தெறித்து ஆஸ்பென் சருகுக்குள் விழுந்தது. அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டையும் கழுத்துக்குப் பின்னால் இணைக்கும் கயிறு இருந்தால் மறக்காமல் மாட்டுங்கள்.

சைலன்சர் மாட்டினால் காப்பு வேண்டாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மினசோட்டாவில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்களிடம் சகஜம். 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். 165இலிருந்து 30 போனாலும் 135 மிச்சம். ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றில் எழுப்பும் வெடிப்பொலியை அது தொடுவதே இல்லை. மாட்டுங்கள், காதிலும் போடுங்கள்.

சுடுதளத்துக்கு என் தீர்ப்பு வேறு. அங்கே வெடிகள் நூற்றுக்கணக்கில் விழும், பக்கத்து மேசைக்காரர் மசில் பிரேக்கோடு வந்திருப்பார், மேலே தகரக்கூரை இருந்தால் சத்தம் திரும்பி வரும். அங்கே இரட்டைக் காப்பு தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன்: காதுக்குள் ஃபோம், மேலே எலக்ட்ரானிக் காதுமூடி. இரண்டு எண்களையும் கூட்டக் கூடாது. பெரிய எண்ணோடு சுமார் 5 சேர்த்துக்கொள்ள வேண்டும், 33ஓடு 26 சேர்ந்தால் 38 பக்கம் வரும், 59 வராது. இதில் அழகு என்னவென்றால் காதுமூடியின் ஒலியைக் கூட்டி வைத்தால், ஃபோமைத் தாண்டிப் பேச்சு தெளிவாகக் கேட்கும். "சுடுவதை நிறுத்துங்கள்" என்ற கட்டளையைத் தவறவிட மாட்டீர்கள். இதற்கு அறுபது டாலர் இம்பாக்ட் ஸ்போர்ட்டும் சில காசு ஃபோமும் போதும். தனியாகப் போட்ட எந்த விலையுயர்ந்த மாடலையும்விட இந்த ஜோடி காதை நன்றாகக் காக்கும். ஃபோமை நூல் மாதிரி மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னால் இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் அது காப்பு இல்லை.

தமிழ்நாட்டில் போட்டிக்காகச் சுடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம். வேட்டை இந்தியாவில் சட்டப்படி கிடையாது, அதனால் உங்களுக்குப் பரண் கேள்வி இல்லை. ஆனால் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட ட்ராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) போன்ற ஷாட்கன் பிரிவுகளில் காதுக் காப்பு மிகவும் தேவை. அங்கே சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதி குறுக்கே வருகிறது. களத்தில் நிற்கும் வீரர் ஒலியைப் பெருக்கும் கருவி போடக் கூடாது. கேட்புக் குறைபாடு உள்ளவர் நடுவர் குழுவின் அனுமதியோடு போடலாம், அதிகாரிகள் போடலாம். ஆகவே உங்கள் பையில் எலக்ட்ரானிக் இல்லாத காதுமூடியும் ஃபோமும் இருக்கட்டும், பயிற்சியிலும் அதையே பழகுங்கள். போட்டியன்று திடீரென்று உலகம் ஊமையானால் தடுமாற்றம் வரும்.

இந்த நவம்பருக்கு என் பை தயார். பரணுக்குச் சோர்டின், அதன் அடியில் இடது காதுக்கு மட்டும் ஒரு ஃபோம். 18 என்ற எண் அந்தக் காதுக்குப் போதாது என்பதால் இந்த ஏற்பாடு. தளத்துக்கு இம்பாக்ட் ஸ்போர்ட், ஒரு டப்பா ஃபோம். சீசன் முடிந்ததும் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுவேன், அல்கலைன் கசிந்தால் தகடு அரித்துப்போகும். விறைத்த, வெடித்த மெத்தைகளை அப்போதே மாற்றிவிடுவேன்.