பட்டறைக்கு மேல தூக்குற கதவ கழட்டிட்டு மடிப்புக் கதவு போட்டாச்சு, எப்படி இருக்கு?

இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் தச்சுப் பட்டறை நமக்கு. நிலை, ஜன்னல், அலுமாரி, பென்ட்ரி கபர்ட் இந்த மாதிரி வேலை. கட்டடம் நாம கட்டினது இல்ல, முன்னாடி இருந்தவரு லொறி நிப்பாட்ட கட்டின கராஜ், வாசல் 9 அடி அகலம் 8 அடி உயரம், அதுல ஓவர்ஹெட் கதவு ஒண்ணு போட்டிருந்தாரு. ரோலர் டோர்னு நெனச்சுக்காதீங்க, இது சுருளாது, பலகை பலகையா ரெயில்ல ஏறிப் போயி சீலிங்குக்கு அடியில படுத்துக்கும். லொறி ஒண்ண காலையில எடுத்து ராவுல உள்ள விடுற ஆளுக்கு அது நல்ல கதவுதான், குத்தமே சொல்ல மாட்டேன். பட்டறைக்குத்தான் சரிப்படல.

மொதல் விஷயம், அந்த கதவுல பாதி திறக்கிற வேலையே இல்ல. ஒரு ப்ளைவுட் ஷீட் வெளிய எடுக்கணும்னாலும் முழு வாசலும் திறக்கணும், ஜூன் ஜூலைல நம்ம பக்கம் எப்படின்னு தெரியும்தானே, வட்டவளையில ஆரம்பிக்கிற மழை அட்டன் டிக்கோயா தாண்டி வந்து விடாம அடிக்கும், மழை விட்டா உடனே பனிமூட்டம், கதவ தூக்கின நிமிஷமே எல்லாம் உள்ள வந்துரும். மர வேலை செய்றவங்களுக்கு இது சும்மா குளிர் பிரச்சினை மட்டும் இல்ல. லெக்கர் அடிச்ச பலகையில ஈரக் காத்து பட்டா காயுறதுக்கு முன்னாடியே வெள்ளையா பூத்துப் போயிரும், அப்புறம் தின்னர் அடிச்சு பாக்கணும் இல்லன்னா திரும்ப சேன்ட்பேப்பர்தான். வெள்ளை கம் கூட ரொம்ப குளிரா இருந்தா ஒழுங்கா பிடிக்காது.

ரெண்டாவது விஷயம், ஸ்பிரிங். இந்த கதவோட பாரத்த எல்லாம் மேல ஷாப்ட்ல முறுக்கி வச்சிருக்கிற ஸ்பிரிங்தான் தாங்குது, சாதாரணமா வர்ற ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூட கணக்கு பண்ணி செய்றது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைன்னா ஒம்பது பத்து வருஷம் பேசாம ஓடும். பட்டறையில பத்து தடவைக்கு மேல திறக்குறோம், வருஷத்துக்கு 300 நாள்னு போட்டாலே 3,000, மூணு வருஷம் கொஞ்சத்துல கதை முடிஞ்சிரும், அதுவும் இந்த ஈரத்துல துரு ஏறினா அதுக்கு முன்னாடியே. மோட்டர் போட்டா சரியாயிரும்னு சொல்றவங்களும் இருக்காங்க, 2022ல மணிக்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தோமே அத மறந்துட்டாங்க போல. கரண்ட் இல்லாட்டி கயித்த இழுத்து மோட்டர விடுவிச்சுட்டு கையால தூக்கலாம்தான், ஆனா ஸ்பிரிங் தளர்ந்த கதவ கையால தூக்கிப் பாருங்க தெரியும்.

சீலிங்ல ரெயில் ஓடுறதால டியூப் லைட் ஒழுங்கான எடத்துல போட முடியாது, போட்டாலும் கதவு திறந்தா லைட்ட மறைச்சுக்கிட்டு படுத்துக்கும். பகல்லயே வாசல் பக்கம் இருட்டு. நீள பலகைய நிமித்தி திருப்பவும் ஏலாது.

அதனாலதான் மடிப்புக் கதவு. அட்டன் பஜார்ல பழைய கடைங்கள்ல நம்பர் போட்ட பலகைய ஒவ்வொண்ணா காடியில சொருகி மூடுவாங்களே, தேவைக்கு ரெண்டு பலகை மட்டும் எடுத்துட்டு யாவாரம் பாப்பாங்க, எனக்கு வேணும்னு தோணினது அந்த வசதிதான். நாலு மடிப்பு, எடது பக்கம் மூணு சேந்து மடியும், வலது பக்கம் ஒண்ணு தனியா சாதாரண கதவு மாதிரி திறக்கும். இந்த 3க்கு 1ங்கிற பிரிப்ப கட்டாயம் கேட்டு வாங்குங்க, ரெண்டுக்கு ரெண்டுன்னு பிரிச்சா பாக்க அழகா இருக்கும் ஆனா ஆள் போக வரவே ரெண்டு மடிப்ப மடக்கணும். இப்ப நாள் பூரா அந்த ஒத்தை கதவுதான் வேலை, ரெண்டேகால் அடி அகலம், ஆளும் சின்ன சாமானும் அதுல போயிரும். அலுமாரி ஏத்துற அன்னைக்கு மட்டும் மத்தது.

மரத்துலயா இரும்புலயான்னு ஒரு வாரம் வீட்டுல ஒரே பேச்சு. தச்சன் பட்டறைக்கு இரும்புக் கதவான்னு எல்லாரும் சிரிச்சாங்க, சிரிக்கட்டும். சவுக்குலயோ சப்புலயோ நானே செஞ்சிருக்கலாம், தேக்கு வாங்க காசு இல்ல, ஆனா நாலு மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற கதவுல மழைக் காலத்துல ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கொஞ்சம் ஊதினா எல்லாம் சேந்து கதவே மூடாது. ஒத்தை கதவுன்னா இழைச்சு விட்டுறலாம், இதுல எதைன்னு இழைக்கிறது. அதனால 2க்கு 1 அங்குல பொக்ஸ் பார்ல (உள்ள வெத்தான சதுர இரும்புக் கம்பி) சட்டம், கீழ பாதி இரும்பு ஷீட், மேல பாதி பொலிகார்பனேட். வெளிச்சம் நல்லா வருது, கரண்ட் போனாலும் கை வேலை ஓடும்.

இப்ப முக்கியமான கதைக்கு வாறேன். கதவு செஞ்ச வெல்டிங் பாஸ் (மேஸ்திரி) வந்து பாத்துட்டு மொதல்ல சொன்னது இதுதான்: "தம்பி, கதவ அப்புறம் பேசலாம், மேல லின்டல காட்டுங்க." லின்டல்னா வாசலுக்கு மேல சுவர தாங்குற பீம், அத ஏன் கேக்குறாருன்னு எனக்கு அப்ப புரியல. பழைய கதவுல பாரம் ஸ்பிரிங், ரெயில், சீலிங்ல தொங்குற கம்பின்னு பிரிஞ்சு போச்சு. மடிப்புக் கதவுல, மேல ட்ராக்ல தொங்குற டைப்னா, சுவரோரம் கீல்ல நிக்கிறது போக மத்த பாரம் எல்லாம் வாசலுக்கு மேலதான் தொங்குது. 1 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 8 கிலோ, அதோட பொக்ஸ் பார், கீல், லொக், எல்லாம் கூட்டினா நூறு கிலோவ தொட்டுரும். கதவு மூடியிருக்கிறப்பதான் நடுவுல பாரம் கூட, அங்க லின்டல் கொஞ்சம் தொங்கினா போதும், கதவு தரையில உரசும், பூட்டு ஓட்டைக்கு நேரா நிக்காது. நம்ம பழைய கட்டடத்து லின்டல நம்ப ஏலாதுன்னு சொல்லி, ரெண்டு பக்கமும் தரையில கொங்கிரீட் போட்டு தூண் நிப்பாட்டி அது மேல சி சனல் (C மாதிரி வளைஞ்ச இரும்பு பீம்) வச்சு ட்ராக்க அதுல மாட்டினாரு. சுவர்ல பாரமே இல்ல. தண்ணி டியூப் வச்சு மட்டம் பாத்த விதத்துலயே மனுஷன் வேலைக்காரன்னு தெரிஞ்சிருச்சு. இந்த சனலும் தூணும் சேத்தா செலவு நல்லா கூடுது, கொட்டேஷன் வாங்குறப்ப கதவு தனி, பீம் தனின்னு பிரிச்சு கேளுங்க, சில பேரு சதுர அடிக்கு இவ்வளவுன்னு கதவ மட்டும் சொல்லிட்டு வேலை பாதியில பீம் காசு கேக்குறாங்க. விலை இங்க போடல, இரும்பு விலை மாறிக்கிட்டே இருக்கு.

கீழ ரெயில்ல ஓடுற டைப்பும் இருக்கு, அதுக்கு மேல பீம் இவ்வளவு கனமா வேணாம், செலவு குறைவு. ஆனா மரத்தூள் பறக்குற எடத்துக்கு அது ஆகவே ஆகாது, தூளும் மண்ணும் மழைத்தண்ணியும் சேந்து ரெயில்ல சிமெந்து மாதிரி இறுகிரும். நம்மளுக்கு கீழ கதவு ஆடாம இருக்க சின்ன காடி மட்டும்தான், தண்ணி வெளிய ஓட ஓட்டை போட்டிருக்கு, அதுலயே வாரத்துக்கு ஒருக்கா தும்புத்தடி போட்டு கூட்ட வேண்டியிருக்கு.

கதவு வெளிப்பக்கம் மடியுது. உள்ள எடம் மிச்சம், காத்து அடிக்கிறப்ப கதவு சட்டத்தோட இன்னும் இறுகி நிக்கும், சாரல் குறைவு. ஆனா வெளிய திறந்து வச்சா காத்துக்கு படார் படார்னு அடிக்கும், சுவர்ல கொக்கி இல்லாம ஒரு நாளும் திறந்து வைக்காதீங்க. மடிஞ்சு நிக்கிற கதவுக்கு வெளிய ரெண்டரை அடி கிட்ட எடமும் வேணும், ரோட்டு ஓரத்து கடைக்காரங்க இத யோசிக்கணும், கான் (வடிகால்) மேலயும் ரோட்டுலயும் கதவு நீட்டிக்கிட்டு நின்னா சண்டைதான். இன்னொண்ணு, வெளிய திறக்கிற கதவுல கீலும் வெளியதான் இருக்கும், கீலுக்குள்ள இருக்கிற பின் கம்பிய தட்டி கழட்ட முடியாதபடி ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. பாஸ் கேக்காமலே வச்சாரு.

குறை இல்லாமலும் இல்ல. சொன்ன தேதிக்கு வரல, போன் பண்ணினா "நாளைக்கு தம்பி"தான், அந்த நாளைக்கு ரொம்ப நாளைக்கு ஓடுச்சு. வெல்டிங் தெறிச்ச எடத்த ஒழுங்கா கிரைன்ட் பண்ணாம அது மேலயே அன்டிகொரசிவ் (துரு பிடிக்காம அடிக்கிற பெயின்ட்) ஒரு கோட் இழுத்துட்டாங்க, மூட்டுல எல்லாம் துரு எட்டிப் பாக்குது. சொன்னதும் பையன் ஒருத்தன அனுப்பி தேய்ச்சு திரும்ப அடிச்சு குடுத்தாரு, காசு கேக்கல, ஆனா மொதல்லயே செஞ்சிருக்கலாம். மேல ஓடுற சில்லுக்கு மொதல்ல நைலோன் போட்டு வந்தாங்க, நான் பெயாரிங் வச்ச இரும்பு சில்லுதான் வேணும்னு நின்னு மாத்தினேன், கொஞ்சம் சத்தம் போடுது ஆனா ஒரு விரல்ல தள்ளினா போகுது. கதவுக்கும் தரைக்கும் நடுவுல விட்ட அரை அங்குல சந்துல காத்து வருது, ரப்பர் பட்டி போட்டும் முழுசா நிக்கல. அந்த ஒரு விஷயத்துல பழைய கதவுதான் நல்லது, அது தரையில அமுங்கி உக்காரும்.

பழைய கதவ கழட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பிரிங் முறுக்குல இருக்கிறப்ப ஸ்பேனர் எடுத்து எந்த போல்ட்டையும் தொடாதீங்க, ஷாப்ட் பக்கம் மட்டும் இல்ல, கதவு அடியில கேபிள் மாட்டியிருக்கிற துண்டும் அதே இழுவையிலதான் இருக்கு. அதுக்குன்னு ரெண்டு கம்பி சொருகி கால் சுத்து கால் சுத்தா விடுவிக்கணும், தெரிஞ்ச ஆள கூப்பிட்டு காசு குடுத்து செய்ங்க. எங்க கதவோட பலகைங்க நல்லா இருந்துச்சு, பக்கத்து தோட்டத்துல ஒருத்தர் கோழிக்கூட்டுக்கு கூரை போட எடுத்துட்டுப் போனாரு, ஸ்பிரிங்க மட்டும் பழைய இரும்புக்காரனுக்கு போட்டோம்.