விசை–எதிர்விசை சோதனைப் பெட்டி: வண்டிகள் அருமை, விளக்கத்தாளைத் திருத்த வேண்டும்

5 நியூட்டன் வரை காட்டும் சுருள்வில் தராசு இரண்டு, அரை கிலோ சிறுவண்டி இரண்டு, வண்டிமேல் ஏற்ற அரை கிலோ எடைக்கட்டி ஒன்று, ஒன்றரை மீட்டர் தண்டவாளம், இரு முனைத் தடுப்புகள், வட்டக் காந்தங்கள், பலூன், உறிஞ்சுகுழல், நூல். ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைக் கற்பிக்க வரும் இந்தப் பெட்டியில் இவ்வளவும் உண்டு. வண்டிகளுக்காகவே இதை வாங்கலாம்.

ஒரு வண்டியின் முகப்பில் சுருள்வில் பொருத்திய தண்டு இருக்கிறது. அதை உள்ளே அமுக்கிப் பூட்டி, மற்ற வண்டியை ஒட்டி நிறுத்தி, பூட்டை மேலிருந்து பென்சிலால் மெல்லத் தட்ட வேண்டும். விரலால் தள்ளித் திறந்தால் பக்கவாட்டில் கூடுதல் விசை சேர்ந்து முடிவு கெட்டுவிடும். சம நிறையுள்ள வண்டிகளின் வெளிமுனைகளிலிருந்து 40 செ.மீ. தள்ளித் தடுப்புகளை வைத்தால், இரண்டும் மோதும் சத்தம் ஒன்றாகவே கேட்கும். இனி ஒரு வண்டியில் எடைக்கட்டியை ஏற்றுங்கள். கனமான வண்டிக்கு 30, லேசான வண்டிக்கு 60 செ.மீ. என்று தடுப்புகளை மாற்றினால் மறுபடியும் ஒரே சத்தம். இரண்டின் மீதும் ஒரே அளவு விசை, ஒரே நேரத்துக்குச் செயல்பட்டது. நிறை இரு மடங்கான வண்டிக்கு வேகம் பாதி.

அடுத்து, எடைக்கட்டியை ஒருமுறை வில் உள்ள வண்டியிலும் ஒருமுறை வில் இல்லாத வண்டியிலும் ஏற்றிப் பார்க்க வேண்டும். விளக்கத்தாளில் இந்தப் படி இல்லை, ஆனால் பாடமே இதில்தான் இருக்கிறது. தள்ளுகிற பொருள்தான் விசை கொடுக்கிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது என்ற எண்ணம் பல மாணவர்களிடம் ஆழமாக இருக்கும். வில் எந்தப் பக்கம் இருந்தாலும் முடிவு மாறாததைக் கண்ணால் பார்த்தால்தான் அது அகலும்.

சத்தம் இரண்டாகப் பிரிந்து கேட்டால் முதலில் தண்டவாளத்தின் மட்டத்தைப் பாருங்கள். தனியே விட்ட வண்டி எந்தப் பக்கமும் உருளக் கூடாது. மட்டம் சரியாக இருந்தும் கனமான வண்டி சற்றுப் பிந்தினால் காரணம் உராய்வு. அது இரண்டின் வேகத்தையும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் குறைப்பதால், ஏற்கெனவே மெதுவாகப் போகும் வண்டிக்குத்தான் இழப்பு பெரிது. அச்சில் சுற்றிய நூல், முடி இவற்றை எடுத்துவிட்டு, தூரங்களை 40, 20 செ.மீ. ஆகக் குறைத்தால் பிழை வெகுவாகக் குறையும்.

தராசுகள் நன்றாகவே இருக்கின்றன. தொங்கவிட்டுப் பூச்சியம் சரிசெய்த தராசைக் கிடையாகப் பிடித்தால், கொக்கியின் எடை வில்லை இழுக்காததால் குறிமுள் பூச்சியத்தைத் தாண்டிப் பின்வாங்கும். கிடையாக வைத்தே திருகைச் சரிசெய்துவிட்டு இரண்டையும் கொக்கியோடு கொக்கி மாட்டி இழுக்கலாம். இரு பக்கமும் 3 நியூட்டனில் இழுத்தால் ஒவ்வொன்றும் 3 காட்டும், 6 அல்ல. ஒரு தராசின் மறுமுனையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு ஒருவர் மட்டும் இழுத்தாலும் அதே 3, 3தான். வெடுக்கென்று இழுத்தால் அளவுகள் கணநேரம் வேறுபடும். கொக்கித்தண்டுக்கும் நிறை உண்டு, அதை முடுக்கவும் விசை வேண்டும் என்பதே காரணம். விதி பொய்க்கவில்லை. 5 நியூட்டனைத் தாண்டி இழுத்தால் வில் நிரந்தரமாக நீண்டுவிடும்.

பெரிய குறை விளக்கத்தாளில். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையையும் மேசை அதன்மீது தரும் செங்குத்து விசையையும் விசை–எதிர்விசை இணை என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு. அவை இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. மேல்நோக்கி முடுக்கம் பெறும் மின்தூக்கிக்குள் செங்குத்து விசை எடையைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மூன்றாம் விதி சொல்லும் இணை எந்நிலையிலும் அப்படிப் பிரியாது. பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது: இது ஓர் இணை. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, புத்தகம் மேசையைத் தள்ளுகிறது: இது இன்னோர் இணை. பெயர்களை இடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தாலே எதிர்விசை கிடைத்துவிடும்.

பலூன் பகுதியிலும் பிழை உண்டு. வெளியேறும் காற்று சுற்றியுள்ள காற்றை உதைப்பதால் பலூன் முன்னேறுவதாகத் தாள் சொல்கிறது. பலூன் தன் உள்காற்றைப் பின்னே தள்ளுகிறது, அந்தக் காற்று பலூனை முன்னே தள்ளுகிறது. வெற்றிடத்தில் ராக்கெட் செல்வதும் இப்படித்தான். பலூனை ஒட்டிய உறிஞ்சுகுழல் ஓடும் நூல் தொய்வில்லாமல் இறுகக் கட்டியிருந்தால் சோதனை சுலபமாக வேலை செய்யும்.

காந்தங்கள் இரண்டும் ஒரே வலிமையில் வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள இரும்புத் துண்டை வையுங்கள். இரும்பு காந்தத்தை நோக்கி நகர்வதோடு காந்தமும் இரும்பை நோக்கி நகர்வதைக் காணலாம்.

பெட்டியில் திருப்பி வைக்கும்போது வண்டியின் தண்டைப் பூட்டிய நிலையில் விடாதீர்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் வில் தளர்ந்து, வண்டிகள் 60 செ.மீ. எட்டாமலேயே நின்றுவிடும்.