ஒரு பொட்டலம் மணலோடு வாக்குவம் கிளீனர் வாங்கப் போனோம்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்வந்த வீடுகளில் திங்கட்கிழமை காலை எப்படி விடியும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருகிறோம். ஆனாலும் பிள்ளைகளின் கால்சட்டை மடிப்பில் ஒட்டி வந்த மணல், விடிவதற்குள் கட்டிலுக்கு அடியிலும் டைல்ஸ் இடுக்கிலும் குடியேறிவிடும். துடைப்பத்தால் பெருக்கினால் பாதி முறத்துக்கு வரும். மீதி இடுக்கிலேயே கிடந்து நாள் முழுவதும் காலில் நறநறக்கும்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மொத்தம் 480 சதுர அடி. பெருக்குவது அம்மா. முழங்கால் தேய்மானத்தால் இனிக் குனிந்து பெருக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, வயர் இல்லாத வாக்குவம் கிளீனர் ஒன்றை அவசர அவசரமாக வாங்கினேன். அது பதினான்கு மாதம்தான் உழைத்தது. முதலில் அரை மணி நேரம் ஓடியது. ஓர் ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு நிமிடமாகக் குறைந்தது. கடைசியில் கூடத்தைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிடும். மோட்டார், குழாய், பிரஷ் எல்லாம் புதிது போலவே இருந்தன. பேட்டரியை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். அது உடலோடு சேர்ந்தது, தனியாக வராது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஓர் உறுப்புக்காக நல்ல நிலையில் இருந்த முழு இயந்திரத்தையும் கழித்துக்கட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

லித்தியம் அயான் பேட்டரி, செருப்பின் அடிப்பாகத்தைப் போலத் தேயும் பொருள். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். வெப்பம் அந்தத் தேய்மானத்தை விரைவாக்கும். நாங்கள் மேற்குச் சுவரில், வெயில் விழும் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டி, அக்னி நட்சத்திரத்திலும் அங்கேயே சார்ஜ் போட்டோம். அதுவும் ஒரு காரணம். ஆகவே இந்த முறை வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஒன்றை முடிவு செய்துவிட்டேன்: பேட்டரியைக் கையால் கழற்ற முடியாததை விலை கேட்கக்கூட மாட்டேன்.

தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கையில் மூன்று காகிதப் பொட்டலங்கள். ஒன்றில் கடற்கரை மணல், இன்னொன்றில் கோலமாவு, மூன்றாவதில் எங்கள் வீட்டுச் சீப்பிலிருந்து எடுத்த முடியும் மல்லிகைச் சரத்தின் வாழைநாரும். கடைகளில் காகிதத் துண்டுகளைப் போட்டு உறிஞ்சிக் காட்டுவார்கள். காகிதத்தை எந்த இயந்திரமும் உறிஞ்சும். நம் வீட்டுக் குப்பையை எது எடுக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? கடைக்காரர் முதலில் தயங்கினார். பிறகு அவரே ஆர்வமாகி, டைல்ஸ் தரையில் இடம் ஒதுக்கித் தந்தார்.

கையில் பிடிக்கும் குட்டி இயந்திரத்தை முதலில் பார்த்தோம். ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். கூர்மூக்கை வைத்து இழுத்தால் இடுக்கு மணலைச் சுத்தமாக எடுத்தது. ஆனால் கோலமாவை உறிஞ்சியபோது தங்கை தன் கறுப்புத் துப்பட்டாவைக் காற்று வெளியேறும் துளையருகே பிடித்தாள். துணியில் வெள்ளையாகப் படிந்தது. முன்னால் எடுத்ததைப் பின்னால் வீட்டுக்குள்ளேயே விடுகிறது என்று அர்த்தம். மேலும் குனிந்துதான் பிடிக்க வேண்டும். சோஃபா இடுக்குக்கும் பூஜை அலமாரிக்கும் போதும். எங்கள் தேவைக்கு அது விடையல்ல.

அடுத்தது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு நீளக் குழாய் வைத்தது, கழற்றும் பேட்டரி. மணலைக் கொட்டி ஓட்டியதும் எனக்குப் பெரிய ஏமாற்றம். சுழலும் பிரஷின் விறைப்பான முட்கள் மணலைப் பின்பக்கமாக வாரி வீசின. கணுக்காலில் ஊசி ஊசியாகப் பட்டது. கம்பளத்துக்கு முட்கள் வேண்டும். வழவழப்பான தரையில் கனமான மணல்துகளை அவை தட்டித்தான் விடும். கடைக்காரர் அதே பெட்டியிலிருந்து வெல்வெட் போன்ற மெத்தென்ற உருளையை எடுத்து மாட்டினார். அப்புறம் ஒரு துகள்கூடத் தெறிக்கவில்லை. மெதுவாக ஒரு முறை தள்ளியதில் மேல் மணல் போயிற்று. இடுக்கு மணலுக்கு இரண்டாவது முறை தேவைப்பட்டது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வேறு எதைக் கேட்க மறந்தாலும், மெத்தென்ற உருளை கூட வருகிறதா என்று கேட்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது இருபத்தெட்டாயிரம். அதன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடுக்கு மணல் ஒரே தள்ளலில் மறைந்தது. கோலமாவைப் போட்ட பிறகும் ஃபில்டர் ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. காரணம், உள்ளே இருக்கும் சிறு சிறு கூம்புகள். அரிசி ஆலைகளின் கூரையில் தகரக் கூம்பு ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றைச் சுழலவிட்டு உமியையும் தூசியையும் ஓரத்துக்குத் தள்ளிக் கீழே இறக்கும். இதுவும் அதே வித்தைதான். கூம்பு அதிகமானால் ஃபில்டருக்குப் போய்ச் சேரும் மாவு குறையும். மலிவான இயந்திரங்களில் ஒரே கூம்பு அல்லது வெறும் சல்லடைதான் இருக்கும். மாவு நேராக ஃபில்டரை அடைக்கும், இழுவை விழும்.

"அம்மா, நீங்களே பிடித்துப் பாருங்கள்" என்று கடைக்காரர் அதை அம்மாவிடம் கொடுத்தார். அதுவரை நான் மனத்துக்குள் அதைத்தான் வாங்கியிருந்தேன். அம்மா ஐந்து நிமிடம் கடைக்குள் நடந்தபடி ஓட்டினார். மோட்டார், பேட்டரி, தூசிப் பெட்டி மூன்றும் கைப்பிடியோடு சேர்ந்து மேலே இருந்ததால் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. போதாக்குறைக்கு, விசையை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே அது ஓடும். "மணிக்கட்டு இழுக்கிறதுப்பா" என்று திருப்பித் தந்துவிட்டார். ஒன்பதாயிரத்துக்கு வந்தது அதைவிட இலேசு; ஒரு முறை பொத்தானைத் தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்தால் இது புரியாது. யார் பெருக்கப் போகிறார்களோ அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருக்கும் பாஸ்கல் கணக்கு, காற்று போகும் வழியை முழுவதுமாக அடைத்துவிட்டு அளக்கும் இழுவிசை. வீட்டில் அப்படியா ஓட்டுகிறோம்? மணலைத் தூக்குவதற்கு விசையும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஏர்வாட் என்ற அளவு. அது போட்டிருந்தால் அதையே ஒப்பிடுங்கள்.

நேரக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 25.2 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2.5 ஆம்பியர் மணி என்றால், இரண்டு எண்களையும் பெருக்கினால் 63 வாட் மணி. மோட்டார் முழு வேகத்தில் 400 வாட் இழுத்தால் ஒன்பதரை நிமிடம்தான் தாங்கும். "45 நிமிடம்" என்று விளம்பரம் சொல்வது மிகக் குறைந்த வேகத்தில். எங்கள் 480 சதுர அடிக்கு நடுத்தர வேகத்தில் பதினைந்து நிமிடம் போதும். சிறிய வீட்டுக்காரர்கள் பெரிய பேட்டரிக்குக் காசும் பாரமும் கொடுக்க வேண்டியதில்லை.

வயர் உள்ளதைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. 600 வாட் மோட்டாரோடு, மெல்லிய உடலோடு, ஒன்பதாயிரத்தில் பாதி விலைக்கு ஒன்று அங்கேயே இருந்தது. அதற்குத் தேய்ந்துபோகும் பேட்டரியே கிடையாது. கடைசி நிமிடம் வரை ஒரே இழுவை. ஐந்து மீட்டர் வயர் எட்டாத மூலை சின்ன வீட்டில் எங்கே இருக்கிறது? இளையவர்கள் இருக்கும் வீடாக இருந்தால் நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். தங்கை அன்றே அதை வாங்கிவிட்டாள். எங்கள் கூடத்தில் குறுக்கே கிடக்கும் வயரை, முழங்கால் வலிக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் தாண்ட வேண்டும் என்பதால்தான் நான் விலகினேன்.

ஒன்பதாயிரத்துக்கு வந்ததை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கூடவே ஓர் ஃபில்டரும் வாங்கியதுதான் நாங்கள் செய்த நல்ல காரியம். ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்று குறிப்பேடு சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் துண்டே மூன்று நாளுக்குக் காய்வதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய நாட்களில் சுவரே வியர்த்துக் கிடந்ததே. ஈர ஃபில்டரை மாட்டினால் வாடை அடிக்கும், மோட்டாருக்கும் கேடு. ஒன்று காயும்போது இன்னொன்று ஓடட்டும். ஈரத் தரையில் இதை ஓட்டவே கூடாது என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

உப்புக்காற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவர்த் தாங்கியின் திருகாணிகள் மூன்றாம் மாதமே துருப்பிடித்தன. சார்ஜ் ஏறும் உலோக முனைகளை வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். தாங்கியை இம்முறை சமையலறைக் கதவுக்குப் பின்னால், நிழலில் அடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு உருளையைக் கழற்றிப் பார்ப்பது என் வேலை. நீள முடி நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். அதற்குள் வாழைநார், சில சமயம் காய்ந்த ஒரு மல்லிகை மொட்டு. கத்தரிக்கோலின் ஒரு முனையை உருளையின் பள்ளத்தில் நுழைத்து நீளவாக்கில் வெட்டினால் முழுவதும் ஒரே சுருளாகக் கழன்று வரும். கடையில் மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தபோது மூன்று இயந்திரங்களிலும் நார் சுற்றிக்கொள்ளத்தான் செய்தது. சில நொடிகளில் உருளை கையோடு வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

வாசலை அம்மா இன்னும் துடைப்பத்தால்தான் பெருக்குகிறார், நின்றபடி பெருக்க நீளக் கைப்பிடி போட்டுக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் புதுச்சேரி போனபோது அந்தக் கடையில் இந்த மாதிரிக்குப் பேட்டரி இன்னும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்தேன். கிடைக்கிறது. விலையையும் மாதிரி எண்ணையும் பெட்டியின் உள்மூடியில் எழுதி, ரசீதையும் அங்கேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.