விமானப்படைத் தேர்வுக்கான வார இறுதி வகுப்பு, கே.கே. நகர், மதுரை

விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வை எழுதவிருக்கும் தங்கை மகனுக்காக, ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் நடத்தும் இவ்வகுப்பில் பெற்றோருடன் உட்கார்ந்து கேட்டேன். எழுத்துத் தேர்வுப் பயிற்சி மற்ற மையங்களைப் போன்றதுதான். ஆனால் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்று ஒருவருக்கு எப்படி அமைகிறது என்று அவர் விளக்கிய பகுதிக்காகவே கட்டணம் தகும். விருப்பம் கேட்கப்படும், ஆனால் பயிற்சியில் காட்டும் திறனும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும் என்பதை அவர் பூசி மெழுகாமல் சொன்னார்.

"ஹெலிகாப்டர் கிடைத்தால் பிறகு தேஜஸ் போர் விமானத்துக்கு மாறலாமா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டதும், கரும்பலகையில் பிரிவுக்கு ஒன்றாக மூன்று கோடுகள் இழுத்து, கோடு தாண்டுவது அரிது, ஒரே கோட்டுக்குள் விமானம் மாறுவதே வழக்கம் என்றார். 2023 அக்டோபரில் ராஜஸ்தானின் உத்தர்லாய் தளத்தில் 4-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படையணி) மிக்-21 பைசன் போர் விமானத்தை விட்டு சுகோய்-30 போர் விமானத்துக்கு மாறியதையும், பழைய ஆவ்ரோ போக்குவரத்து விமானத்தின் இடத்துக்கு சி-295 வருவதையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு மாற்றத்திலும் அனுபவசாலியும் தரைப்பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். மதுரைப் பிள்ளைகள் விமானப்படைத் தளம் உள்ள சூலூர், தஞ்சாவூர் என்று ஊர் பார்த்து விமானம் தேர்வு செய்வதை அவர் கண்டித்ததும் நியாயமே.

விமானி தகுதிக்கான கணினித் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும் என்பதால், அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கலாம். அச்சிட்ட குறிப்பேடு பழையது. ஓய்வுபெற்றுவிட்ட மிக்-21 அதில் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.