எண்ணும் தட்டு: பார்மசி டெக்னீஷியன் பயிற்சிக்கு எதை வாங்கலாம்?

பயிற்சியில் சேர்ந்ததும் அதிகம் கையில் புழங்கும் கருவி மாத்திரை எண்ணும் தட்டு. முக்கோணத் தட்டு, பக்கவாட்டில் மூடி போட்ட வாய்க்கால் உள்ள தட்டு என இரண்டு வகை உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாய்க்கால் தட்டையே வாங்குங்கள்.

முக்கோணத் தட்டை மட்டம் என்று சொல்லவில்லை. ஒரே அளவு வட்ட மாத்திரைக்கு அதைப்போல வேகம் வேறெதிலும் வராது. முனையில் ஒன்று, அடுத்த வரிசையில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என வரிசைக்கு ஒன்று கூடுதலாக மாத்திரைகள் அடுக்காக நிற்கும். ஏழு வரிசை நிறைந்தால் 28. நடுவில் ஒன்று குறைந்தாலும் ஓட்டை பளிச்சென்று தெரியும். ஆனால் கேப்ஸ்யூலோ நீள்வட்ட மாத்திரையோ வந்தால் அடுக்கு கலைந்துவிடும், எண்ணிக்கையை நம்ப முடியாது.

வாய்க்கால் தட்டில் ஸ்பேட்டுலாவால் (தட்டையான கரண்டி போன்ற கருவி) மாத்திரைகளை ஐந்து ஐந்தாக வாய்க்காலுக்குள் தள்ள வேண்டும். 30 என்றால் ஆறு முறை தள்ள வேண்டும். 28 என்றால் ஐந்து முறை தள்ளிவிட்டு, கடைசியாக மூன்று மட்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: கை பழக்கத்தில் ஆறாவது ஐந்தையும் தள்ளிவிடும். எண்ணியதும் முதலில் வாய்க்கால் மூடியை மூடுங்கள். பிறகு தட்டில் உள்ள மிச்சத்தை அதன் மூக்கு (ஊற்றும் முனை) வழியாக ஸ்டாக் பாட்டிலில், அதாவது மாத்திரையை எடுத்த கடை பாட்டிலில், கொட்டி, கடைசியாக எண்ணியதை நோயாளியின் பாட்டிலில் ஊற்றுங்கள். மூடி திறந்திருந்தால் எண்ணியதும் மிச்சத்தோடு போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் வாங்கும்போது கீல் தளர்ந்திருக்கிறதா என்று மூடியை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பேட்டுலாவின் விளிம்பும் தட்டோடு ஒட்டிப் படிய வேண்டும். வளைந்திருந்தால் சின்ன மாத்திரை அடியில் நழுவிவிடும்.

பிளாஸ்டிக்கா, எஃகா? காசு இருந்தால் எஃகு. பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் மருந்துத் தூள் தங்கும். அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் பட்டுப் பட்டு நுண்விரிசலும் விடும். தூள் தங்குவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அடுத்த மாத்திரையில் ஒட்டிய தூளே தொல்லை தரலாம். பெனிசிலின் எண்ணியதும் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்ததை எண்ணுங்கள். ஈரம் இருந்தால் மாத்திரை இளகித் தட்டில் ஒட்டும். மெத்தோட்ரெக்சேட் மாதிரி செல் நச்சு (உடல் செல்களைக் கொல்லக்கூடிய) மருந்துகளுக்குத் துடைப்பது போதாது; பெயர் எழுதி ஒட்டிய தனித் தட்டு, தனி ஸ்பேட்டுலா, கையுறை மூன்றும் வேண்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளை மாத்திரை கண்ணுக்குத் தப்பும், நீலத் தட்டில் தப்பாது.