பழைய வீட்டு ஜிஐ பைப்பில் ஆசிட் ஊற்ற விடாதீர்கள்

மேற்கு மாம்பலம், தி.நகர், நங்கநல்லூர் பக்கம் பழைய தனி வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். பைப்புக்குள் இருக்கும் சேற்றை மெஷின் வைத்து எடுத்துத் தருகிறோம் என்று ஒரு குழு வீடு வீடாக வருகிறது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். 18,450 ரூபாய் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, இப்போது வீட்டில் மூன்று இடத்தில் சுவர் உடைத்துக் கிடக்கிறது, அம்மா குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீடு 1984-இல் அப்பா கட்டியது. சுவருக்குள் ஓடுவது எல்லாமே ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வரும், அது போதாத நாளில் போர் தண்ணீர். 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றியபோது மாதக்கணக்கில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான், அதிலிருந்தே குழாயில் வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது. காலையில் முதல் தண்ணீர் தேங்காய் நார் ஊறிய தண்ணீர் மாதிரி வரும், ஒரு வாளி விட்ட பிறகு தெளியும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெளியே வரும்போது தெளிவாகத்தான் இருக்கும், காற்று பட்டதும் பழுப்பாகிக் கசடாக இறங்கிவிடும். அதோடு பைப்பின் சொந்தத் துருவும் சேர்ந்துகொள்கிறது. ஆக, அவர்கள் சொன்ன பிரச்சினை பொய்யில்லை, எங்கள் வீட்டில் உண்மையாகவே இருந்தது. அதனால்தான் நம்பினோம்.

நான் ஆபீஸில் இருந்தபோது வந்திருக்கிறார்கள். டை கட்டிய பையன் ஒருவன், கூட இரண்டு பேர். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டிருக்கிறான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். கரண்ட்டில் செருகும் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதை இரண்டு டம்ளரிலும் முக்கினானாம். ஒரு நிமிஷத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, மேலே சாக்கடை நுரை மாதிரி கட்டிக்கொண்டது. பாட்டில் தண்ணீர் அப்படியே இருந்தது. “அம்மா, இந்தத் தண்ணியிலயா சமைக்கிறீங்க? இது பூரா உங்க பைப்புல இருக்கிற சேறும்மா” என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு 74 வயசு, இதைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. போனில் என்னிடம் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. நானும் சரி, செய்துவிடச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த டம்ளர் வித்தையை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிர் வீட்டு சார் ஸ்கூலில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் சொன்னேன். “ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று வருத்தப்பட்டார். அந்தக் கம்பியில் ஒன்று வெறும் இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும், கரைந்த இரும்புதான் பச்சையும் பழுப்புமாகத் திரண்டு மிதக்கிறது. அவன் பாட்டிலில் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீர், அதாவது மெஷினில் வடிகட்டி உப்பை நீக்கியது. அதில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அவன் காட்டிய சேறு எங்கள் பைப்பிலிருந்து வரவில்லை, அவன் கம்பியிலிருந்து வந்தது. யாராவது இதை வைத்துக்கொண்டு வந்தால் அந்தப் பாட்டில் தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி முக்கச் சொல்லுங்கள் என்றார் சார். அதுவும் சேறாகிவிடும். ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர்களும் இதே கருவியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வேலை நடந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். பேசியது 4,800 ரூபாய். வந்த பிறகு, அது டேங்க்குக்கு மட்டும் சார், பைப்புக்குப் பாயின்ட் கணக்கு, அதாவது ஒவ்வொரு குழாய் முனையும் ஒரு பாயின்ட், பாயின்ட்டுக்கு 650 என்றார்கள். எண்ணிப் பார்த்தால் 21 பாயின்ட். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் டேங்க்கை ஏற்கெனவே காலி செய்துவிட்டார்கள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இது அவர்களுடைய வழக்கம் என்று பிறகு தெருவில் விசாரித்தபோது தெரிந்தது. முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அப்புறம்தான் விலை பேசுகிறார்கள்.

லண்டனில் வீட்டைச் சூடு பண்ணுகிற பைப்புக்கெல்லாம் இந்த மெஷின்தான் என்று ஒரு கதை சொன்னார்கள். என் தங்கை இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றில்தான் இருக்கிறாள், அன்று ராத்திரி அவளிடம் கேட்டேன். அங்கே அப்படி ஒரு வேலை உண்டாம். பாய்லரிலிருந்து ஒவ்வொரு அறை ரேடியேட்டருக்கும் சுடுதண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், வருஷக்கணக்கில் ஒரே தண்ணீர், உள்ளே இரும்பு அரித்துக் கறுப்புச் சேறாகி அடியில் தங்கிவிடும். ரேடியேட்டர் மேலே சுட்டு அடியில் ஜில்லென்று இருந்தால் சேறு என்று அர்த்தம், அடி சுட்டு மேலே ஜில்லென்று இருந்தால் காற்று. அந்தச் சேற்றை அதிக ஓட்டத்தில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, காந்தத்தில் பிடித்து, தெளிகிறவரைக்கும் அலசி, பிறகு அரிப்புத் தடுக்கும் மருந்து ஊற்றி மூடுவார்களாம். ரொம்பப் பழைய, அரித்துப்போன பைப் என்றால் முதலிலேயே பார்த்து எச்சரிப்பார்கள், ஏனென்றால் துரு பெயர்ந்தால் ஓட்டை வாய் திறந்துவிடும். “அண்ணா, அது மூடின சுத்து, அதுல யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க. நம்ம வீட்டு பைப் நேரா சமையல்கட்டுக்குத்தானே போகுது” என்றாள். இங்கே வந்தவர்கள் கொண்டுவந்ததோ ஒரு கார் கழுவும் பம்பும் இரண்டு கேன் ஆசிட்டும்.

கேனில் லேபிள் இல்லை. டாய்லெட் கழுவும் ஆசிட்டின் அதே நெடி, மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை. டேங்க்கின் கேட் வால்வை அடைத்துவிட்டு லைனுக்குள் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டார்கள். ஆசிட் உப்புப் படிவத்தை மட்டும் கரைக்காது. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைத்தான் முதலில் தின்னும், அப்புறம் இரும்பு. எங்கள் பைப்பில் பூச்சு பல இடத்தில் போய், துருக்கட்டிதான் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை இளக்கிவிட்டு, உடனே பம்ப் போட்டு அடித்தால் என்ன ஆகும்? முதல் அரை மணி நேரம் கருஞ்சிவப்பாகக் கொட்டியது, பார்த்தீங்களா சார் எவ்வளவு சேறு என்றார்கள். பெயர்ந்த கட்டிகள் ஷவரிலும் வாஷிங் மெஷின் வலையிலும் போய் அடைத்தன. கீசரின் வால்வைக்கூட அடைக்கவில்லை, அத்தனையும் அதற்குள் இறங்கியது.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். ஆசிட் வேலை முடியும் முன்பே கிருமி சாகட்டும் என்று ஒருவன் ஆசிட் இருந்த வாளியிலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான். பாத்ரூம் முழுக்க மூச்சை அடைக்கும் நெடி. அம்மா இருமிக்கொண்டே திண்ணைக்கு ஓடினார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும். இதைச் சம்ப்புக்குள் இறங்கி நிற்கும்போது செய்திருந்தால் அந்தப் பையன் மேலே வந்திருக்க மாட்டான். உங்கள் வீட்டில் யாராவது இரண்டையும் சேர்த்துக் கையில் எடுத்தால் உடனே வெளியே அனுப்புங்கள்.

மூன்றாம் நாள் ஹால் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். மறுநாள் சமையல்கட்டில் டைல்ஸ் இடுக்கிலிருந்து கசிவு. போன் செய்தால், உங்க பைப் பழசு சார், அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு, வேணும்னா ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மொத்த லைனும் புதுசா போட்டுத் தர்றோம் என்றார்கள். பில் கேட்டேன், தரவில்லை. ஜிபே போனதும் ஒரு தனி ஆள் கணக்குக்கு.

பிறகு எங்கள் பழைய பிளம்பர் அண்ணன் வந்து சமையல்கட்டுப் பக்கம் ஒரு டீயை (பைப் மூன்று பக்கம் பிரியும் இணைப்பை) கழற்றி அரையடி பைப்பை அறுத்துக் கையில் கொடுத்தார். முக்கால் இஞ்ச் பைப், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம், சுற்றிலும் கறையான் புற்று மாதிரி துரு. ஒரு பக்கம் மட்டும் ஆசிட் பட்டுச் சுத்தமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனை அளவு இரண்டு ஓட்டை தெரிந்தது. “இதக் கழுவிப் பிரயோஜனமே இல்ல தம்பி. மாத்தத்தான் வேணும். வந்தவன் முதல்ல இப்படி ஒரு துண்டு அறுத்துப் பாத்திருக்கணும்” என்றார். அதைத்தான் நானும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எவன் வந்தாலும் முதலில் ஒரு துண்டு அறுத்து உள்ளே காட்டச் சொல்லுங்கள். துவாரம் நன்றாக இருந்து அடியில் கசடு மட்டும் என்றால் ஆசிட்டே தேவையில்லை. டேங்க்கைத் தேய்த்துக் கழுவி, கீசருக்குப் போகிற வால்வை அடைத்து, குழாய் முனை வலைகளைக் கழற்றிவிட்டு, கீழ்த்தளத்தில் ஒவ்வொரு குழாயாக முழுசாகத் திறந்து தெளிகிறவரை விட்டாலே பெரும்பாலும் வந்துவிடும். கீசரை ஆஃப் செய்து ஆறவிட்டுத் தனியாக வடிக்கச் சொல்லுங்கள். துவாரமே மூடிப்போயிருந்தால் சுவரை உடைக்காமல் வெளிப்பக்கமாக சிபிவிசி (துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பைப்) லைன் இழுத்துவிடலாம், நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம். உத்தேசம் அவர்கள் கேட்டதில் பாதிக்கும் கீழே.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், ஈரச் சுவரின் தேதி போட்ட படங்கள், அறுத்த பைப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே ஆட்களிடம் மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்து போடலாம். பைப் துண்டை வீட்டுப் பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், மாம்பலம் பக்கம் என்றால் நானே கொண்டுவந்து காட்டுகிறேன்.